வாசலுக்கு நடுவே நிற்கும் தூண்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்கும் வேண்டாம். அத்தான் நல்லவர்தான், ஆனால் அவருக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது, உடனே போனை எடுத்து அப்பாவிடம் “என்ன மாமா, இப்படியாமே” என்று கேட்டுவிடுவார். போன் கூடத்தில் இருக்கிறது. அம்மாவின் கட்டிலும் இப்போது கூடத்தில்தான் கிடக்கிறது. இரண்டு பேர் காதிலும் விழும், அதோடு நான் தொலைந்தேன். படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடு. மாடியில் உன் பழைய அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கதவைத் தாழ் போட்டிருக்கிறேன், வெளிச்சம் கீழே தெரியாமல் இருக்க மேஜை விளக்கின் மேல் துண்டு போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே, துண்டு போட்டதில் வெளிச்சம் போதவில்லை.

“நாங்கள் எல்லோரும் இங்கே நல்லபடி, நீயும் உன் வயிற்றில் இருக்கிறதும் அங்கே எப்படி என்று விவரமாக எழுது” என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. பழகிவிட்டது. மழைக்காலத்திலிருந்து உனக்கு வருகிற அம்மாவின் கடிதமெல்லாம் அம்மா சொல்ல நான் எழுதுவது. கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து கலங்கலாகத் தெரிகிறது, அதனால் சின்னவளை எழுதச் சொல்கிறேன் என்று அம்மா காரணம் சொல்லியிருந்தாள் இல்லையா, அம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் இல்லை அக்கா. தெருக்கோடியில் போகிறவர் சட்டையில் பொத்தான் இல்லை என்பதுகூட ஜன்னல் வழியாகத் தெரிகிறது. வலது கைதான் வரவில்லை. வலது காலும் வரவில்லை. லேசாக மயக்கம் வந்தது, மருந்தில் சரியாகிவிட்டது என்று எழுதினோமே, அது மயக்கம் இல்லை, பக்கவாதம். உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள், “மாசமா இருக்கிற பொண்ணு, டாக்டர் அவளைப் பயணமே போகக் கூடாதுன்னுட்டார், இதைக் கேட்டு அங்க அவ விழுந்து வச்சா யார் தூக்குவா” என்றாள். அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன். நீ அழாதே. அழுதாலும் உட்கார்ந்துகொண்டு அழு. பேச்சு கொஞ்சமும் குழறவில்லை, அதனால்தான் போனில் உனக்குத் தெரியவில்லை. போனை அம்மா காதில் நான் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவள் உன்னிடம் “இப்பதான் மாடி ஏறி இறங்கினேன், அதான் மூச்சு வாங்குது” என்பாள். மாடிக்கு அவள் வந்து எவ்வளவு காலமோ ஆகிறது.

நடக்க முடியாது என்று யாரும் சொல்லவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்து டாக்டரம்மா, “விடாம வந்தீங்கன்னா கம்பு ஊனி நடப்பீங்க, நடுவுல விட்டீங்கன்னா இப்படியே நின்னுடும்” என்று சொன்னார். அதற்குத்தான் சக்கர நாற்காலி வாங்கினோம். வாங்கி வந்த அன்று அப்பா வாசலில் வைத்து அதைத் தள்ளிப் பார்த்தார், உள்ளே வரவில்லை. சாய்த்துப் பார்த்தார், வரவில்லை. நம் வாசலுக்கு நடுவே அந்தத் தூண் நிற்கிறதல்லவா, இந்தப் பக்கம் ஒரு ஒற்றைக் கதவு, அந்தப் பக்கம் ஒரு ஒற்றைக் கதவு, எந்தப் பக்கமும் நாற்காலியின் சக்கரம் நுழையாது. மடித்து உள்ளே கொண்டு வந்துவிட்டோம், ஆனால் அம்மாவை மடித்து வெளியே கொண்டு போக முடியுமா. கொல்லைப் பக்கம் போனால் சாக்கடை ஓரத்துச் சந்து, அதில் பூனைதான் போகும். அதனால் ஒவ்வொரு தடவையும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் அப்பாவும் பின்னால் டாக்சிக்காரருமாகத் தூக்கி, பக்கவாட்டில் திருப்பி, பீரோவை வெளியே எடுக்கிற மாதிரி எடுத்தார்கள். அம்மா அதிலும் சிரிப்பாள், “மெதுவா, கண்ணாடி ஒடஞ்சிடும்” என்பாள். கடைசியாகப் போன அன்று மழை பெய்து படி வழுக்கியது. டாக்சிக்காரர் கை நழுவியது. அம்மாவின் தோள் தூணில் இடித்து, நாற்காலி சாய்ந்து, அம்மா வாசற்படியில் விழுந்தாள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், அக்கா. கால் ஓடவில்லை எனக்கு, குடையையே பிடித்துக்கொண்டு நின்றேன். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து தூக்கலாம் என்று சொன்னாலே அம்மாவின் முகம் வெளுத்துப் போகிறது, நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறாள். பயிற்சிக்குப் போவது நின்றுவிட்டது. விரல்கள் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்திருக்கின்றன, தினமும் நான் ஒவ்வொன்றாகப் பிரித்து நகம் வெட்டி விடுகிறேன்.

தூணை எடுத்துவிட்டால் என்ன என்றுதானே கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதமே. நம் தெருவைப் பழமையான குடியிருப்பாக அறிவிக்கப் போகிறார்கள் என்று நீ அங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வதாக அத்தான் சொன்னார். பெருமைதான், நீ கல்லூரியில் படித்தபோது வரைந்த நம் வாசல் படத்தை வைத்துத்தானே எல்லாம் ஆரம்பித்தது. அந்தப் படம்தான் அவர்களுடைய கோப்பில் முதல் பக்கம். தெருச் சங்கத்துக் காகிதத்தின் மேல் மூலையில் இப்போது அந்தத் தூணைத்தான் சின்னமாக அச்சடிக்கிறார்கள், தெருமுனைப் பலகையிலும் அதுதான். அறிவிப்பு முழுசாக வருகிற வரைக்கும் எந்த வீட்டு முகப்பிலும் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, பிடுங்கவும் கூடாது. கடைசி விசாரணை அடுத்த மாதம் வைத்திருக்கிறார்கள். கட்டடக் கம்பெனிக்காரர்கள் வக்கீல் வைத்து எதிர்க்கிறார்கள். பின்தெரு முழுவதையும் அவர்கள் வாங்கி இடித்தாகிவிட்டது, உன் சிநேகிதி வீடு இருந்த இடத்தில் பெரிய பள்ளம், தண்ணீர் தேங்கி நிற்கிறது. நம் தெருவும் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு ஒரே சதுரமாகிவிடும்.

இனி எழுதப் போவது உனக்கும் தெரியாது, எனக்கும் போன மாதம் வரை தெரியாது. அம்மா விழுந்ததற்கு மறுநாள் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தாத்தாவின் தாத்தா நட்ட தூண் அம்மாவையே இடித்துவிட்டதே என்று ஏதோ சொன்னேன், அம்மாவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. “எந்தத் தாத்தா? அது உங்கப்பா காலத்துத் தூணுடி. பழைய சாமான் கடையில வாங்கினது” என்றாள். நான் நம்பவில்லை. பிறகு முழுசாகச் சொன்னாள். நீ அப்போது தவழ்கிற குழந்தையாம். அப்பாவுக்குத் தலைமை குமாஸ்தா வேலை கிடைத்த புதுசு. அவருடைய மேலதிகாரி வீட்டு வாசலில் இப்படி ஒரு செதுக்குத் தூண் இருந்ததாம், அதைப் பார்த்துவிட்டு வந்து சாப்பாடே இறங்கவில்லையாம் இவருக்கு. எங்கோ இடித்த கட்டடத்துச் சாமான் விற்கிற கடையில் இதைத் தேடிப் பிடித்து, கைவண்டியில் ஏற்றி, தூசு படாமல் போர்வை போர்த்தி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி பின்னாலேயே நடந்து வந்தாராம். அதுவரை நம் வாசல் முழு அகலத்துக்கும் திறக்கிற இரட்டைக் கதவாம், “கட்டிலை நிமித்தாமயே உள்ள கொண்டாருவோம்” என்றாள் அம்மா. அந்தக் கதவை அறுத்துச் சின்னதாக்கி, நடுவே தூணை நிறுத்தி, அப்பா தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். அது எதையும் தாங்கவில்லை அக்கா. மேலே உத்தரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அழகுக்குச் சும்மா நிற்கிறது. பழைய கட்டடத்துத் தூண் என்பதால் பழசாகத்தான் இருக்கும், நீ படிக்கிற காலத்தில் பார்த்தபோது வீட்டோடு பிறந்தது என்றுதானே நினைத்திருப்பாய். யாரும் உன்னிடம் மாற்றிச் சொல்லவில்லை. நீ வரைந்ததைப் பார்த்து அப்பா அழுதார், அந்த நேரத்தில் யார் போய்ச் சொல்வது.

சொல்லியிருக்க வேண்டிய இடம் தெருக் கூட்டம்தான். அப்பாவைத் தெருவில் இப்போது “மைக்” என்று கூப்பிடுகிறார்கள், உனக்குத் தெரியுமா. ஒலிபெருக்கி கையில் வந்தால் கீழே வைக்க மாட்டார். அந்தக் கூட்டத்துக்குத் தொன்மைத் துறையிலிருந்து அதிகாரி வந்திருந்தார், இந்தத் தூண் எந்தக் காலத்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா மைக்கை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டு, “வீடு கட்டின அன்னிக்கு நட்ட தூண் சார் இது. எங்க தாத்தா என் கையைப் புடிச்சு இதைத் தொட வச்சுருக்கார்” என்றார். கைதட்டல் நிற்கவே இல்லை. அம்மா அப்போது நன்றாக இருந்தாள், கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தானாக வந்து விழுந்த பொய்தான், யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அப்பா நினைக்கவில்லை. ஆனால் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா விழுந்த பிறகு ஒரு நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியைப் பார்க்கப் போனார். மேஜைக்குப் பின்னால் சுவரில் உன் படம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது அக்கா. நீ பார்த்தால் பூரித்துப் போவாய். அதிகாரி எழுந்து நின்று அப்பாவுக்கு நாற்காலி போட்டார், உன்னைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார், எனக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார், அவர் கெட்டவர் என்று எழுத ஒன்றும் இல்லை. அப்பா அம்மாவின் நிலைமையைச் சொல்லி, தூணைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைக்கலாமா என்று கேட்டார். அதிகாரி திடுக்கிட்டுவிட்டார். “எந்தத் தூணை சார் சொல்றீங்க, இதையா?” என்று படத்தைத் திரும்பிப் பார்த்தார். “இந்தத் தூணை வச்சுதான் சார் நான் மேல பேசியே இருக்கேன். இதை எடுத்தா அந்த வக்கீல் நாளைக்கே வந்து நிப்பான். அறிவிப்பு வரட்டும், அப்புறம் ஒரு விண்ணப்பம் போடுங்க, பாக்கலாம்.” எவ்வளவு நாளாகும் என்று அப்பா கேட்டதற்கு, “அதை நான் எப்படி சார் சொல்றது” என்றார். அப்பா வாயைத் திறந்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு, “என் பொண்ணு நல்லா வரைவா சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பஸ் வரும்போது, “அம்மா சொல்லிட்டாளா உங்கிட்ட?” என்றார். ஆமாம் என்றேன். “நீ எதையும் கேக்கலை. சரியா பாப்பா?” என்றார். சரிப்பா என்றேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கும் தெரியும். தூண் கைவண்டியில் வந்த அன்று அவரும் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்தானாம். வாடகைக்குத்தானே இருக்கிறார், வீட்டுக்காரர் வெளியூரில், அறிவிப்பு வராவிட்டால் மறுவாரமே கம்பெனிக்கு விற்றுவிடுவார். அம்மாவுக்கு உடம்பு துடைத்து விடுவதும் துணி துவைத்துப் போடுவதும் அவர்தான், காசு கொடுத்தால் வாங்க மாட்டார், இடது கையாலேயே முடிச்சுப் போட்டுக்கொள்கிற மாதிரி அம்மாவுக்கு ரவிக்கை எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். போன வாரம் ஒரு மாலை வந்து கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மைக் அண்ணன் ஆபீசுக்குப் போயிட்டு வந்தாராமே. அவரு எதையாவது ஒளறி வச்சா எங்க கதி என்னக்கா? இந்த மிஷினைத் தூக்கிக்கிட்டு நான் எந்தத் தெருவுல போய் உக்காருவேன்?” என்றார். அம்மா, “ஏண்டி, இத்தனை நாள் ஒளறாதவரா இப்ப ஒளறப் போறாரு, அவரு மைக்குல மட்டும்தான் ஒளறுவாரு” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த தையல்காரம்மா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். “உங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்க வீட்டைக் காப்பாத்திக்கறோமே, நாங்கல்லாம் மனுசங்களாக்கா” என்றார். அது உணர்ச்சியற்ற கால். அம்மா அதைச் சொல்லவில்லை, அவர் தலையை மட்டும் இடது கையால் தடவிக் கொடுத்தாள். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. யார் மேலாவது கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும்.

எனக்குப் பயம் வந்தது அதனால் இல்லை, வேறு ஒன்றால். நேற்று முன்தினம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருவர் என் கூடவே நடந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல்பை, சிரித்த முகம். “பாப்பா, அந்தத் தூண் வீட்டுப் பொண்ணுதான நீ? அழகான வாசல். அது எப்ப வச்சது, பாட்டன் முப்பாட்டன் காலமா, இல்ல இப்பதானா? வீட்டுல பேசிக்குவாங்கள்ல?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். “அம்மாவுக்கு உடம்பு முடியலையாமே, பாவம், கதவு அகலமா இருந்தா நல்லாருக்கும்ல” என்றார். அக்கா, அது உண்மைதானே, நான் தினமும் நினைக்கிறதுதானே, அவர் வாயிலிருந்து கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. ஓடி வந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. நேற்று அவர் எதிர்ச்சாரியில் நின்று நம் வாசலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், அந்தக் கம்பெனி ஆள்தான் போலிருக்கிறது. அதனால்தான் யாருக்கும் காட்டாதே என்கிறேன். இந்தக் காகிதம் அவர் கையில் போனால் அப்பா பொய்யர், நீ வரைந்தது பொய், தெருவில் ஒரு வீடு மிஞ்சாது.

இன்று காலை அம்மா எல்லாவற்றையும் தானே முடித்துவிட்டாள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். “ஏங்க, ஆஸ்பத்திரியில சொன்னாங்களே, அந்தப் பராமரிப்பு இல்லத்துக்கு நானே போன் பண்ணிட்டேன். தையல்காரி நம்பர் போட்டுக் கொடுத்தா. நாளைக்குக் காலையில வண்டி அனுப்பறாங்க. அங்க எல்லாக் கதவும் அகலமாம், பயிற்சியும் அங்கயே குடுப்பாங்களாம்” என்றாள், ஏதோ கடையிலிருந்து சாமான் வருகிறது என்பதுபோல. அப்பா பொத்தானைப் போட்டபடி நின்றுவிட்டார். “தூக்கறதுக்குப் பயப்படுவியே” என்று அதைத்தான் கேட்டார். அம்மா சொன்னாள், “ஒரு தடவைதான. கண்ணை மூடிக்கறேன். போறப்ப ஒரு தடவை தூக்கிடுங்க, திரும்பத் தூக்கிட்டு வர வேண்டாம்.” அப்பா சமையலறைக்குள் போய்க் கழுவின தட்டுகளையே மறுபடியும் கழுவினார். நான் அம்மாவிடம் போய், நீ போக வேண்டாம், நான் போய் அந்த அதிகாரியிடம் சொல்லிவிடுகிறேன், அப்பாவை என்ன செய்துவிடுவார்கள் என்றேன். அம்மா என் முகத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள், “உங்கப்பா வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் அத்தனை பேர் கைதட்டினாங்க. உங்கக்கா வரைஞ்சதை நம்பி ஒரு தெருவே நிக்குது. நான் ஒருத்தி வெளிய போறதுக்கு இத்தனையும் சரியணுமா? போடி, பஸ் போயிடும்.” அது தியாகம் என்று அம்மா நினைக்கவில்லை, கணக்குப் பார்க்கிற மாதிரிதான் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் உனக்கு எழுத வேண்டிய கடிதத்தை எப்போதும்போலச் சொன்னாள், அதுவும் இதோடு ஒரே தபாலில் வரும். கொஞ்ச நாள் சித்தி வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன், அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்று அதில் இருக்கும், நம்பாதே. மற்றதெல்லாம் உண்மை. படி இறங்கும்போது கைப்பிடியை விடாதே, குதிகால் வைத்த செருப்பு போடாதே, இடது பக்கம் சாய்ந்து படு, பிடிக்காவிட்டாலும் பாலைக் குடி, அத்தானோடு சண்டை போட்டுக்கொண்டு தூங்கப் போகாதே, வலி எடுத்தால் பயப்படாதே, அதற்கு ஒரு முடிவு உண்டு, எங்கே இருந்தாலும் என் நினைப்பு உன் தலைமாட்டில் இருக்கும், நீயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்து இரண்டு பேராகி நீண்ட ஆயுசோடு இருங்கள் என்று அம்மா சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அப்பாவும் ஆசி சொன்னதாக எழுது என்றாள். அப்பா அந்த நேரம் வாசலில் நின்றுகொண்டிருந்தார், தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு.

அம்மாவின் துணிகளை எடுத்து வைத்துவிட்டேன். நிறைய வேண்டாம் என்றாள். கண்ணாடி, சீப்பு, அந்தப் பச்சைக் கம்பளி, நீ அனுப்பிய வயிற்று ஸ்கேன் படம். அந்தப் படத்தில் எது தலை எது கால் என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை, அம்மா மட்டும் மூக்கு அப்பாவைப் போல இருக்கிறது என்கிறாள்.

அக்கா, நான் உன்னை வரச் சொல்லவில்லை, வர முடியாது என்று தெரியும். ஒன்றே ஒன்று செய். அந்த அதிகாரிக்கு நீ எழுது. வரைந்தது நீதானே, நீ சொன்னால் கேட்பார். அந்தத் தூண் வீட்டோடு கட்டியது இல்லை, வரைந்தபோது நான் கவனிக்கவில்லை, தவறு என்னுடையது என்று எழுது. அப்படி எழுதினால் அப்பா பொய் சொன்னார் என்று வராது, பெண் சொன்னதை நம்பிப் பேசினார் என்றுதான் வரும், தாத்தாவைப் பற்றிச் சொன்னதை மேடை உற்சாகம் என்று விட்டுவிடுவார்கள். உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள், நீ தூரத்தில் இருக்கிறாய். உன் மேல் பழியைப் போடச் சொல்கிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது, வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. அப்படியே இன்னொன்றும் எழுது, உனக்குத்தான் அதையெல்லாம் படிப்பாளிகள் பாஷையில் எழுத வரும். தூண் இல்லாவிட்டால் இந்தத் தெரு வெறும் தெருவா? எல்லா வீட்டு மாடியிலும் ஒரே மாதிரி வளைந்த கம்பிகள் இருக்கின்றனவே, ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து நிற்கிற சுவர்கள் இருக்கின்றனவே, இடையில் ஒன்றை உருவினால் எல்லாம் விரிசல் விடும் என்று நீயே எனக்குக் காட்டியிருக்கிறாயே, அதெல்லாம் பழசு இல்லையா? உள்ளே குடியிருக்கிறவள் வெளியே போய் வர முடியாத வாசலை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று கேள். விசாரணைக்கு முன்னால் உன் கடிதம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால் அம்மா திரும்பி வரலாம். நாளைக்குப் போனாலும் திரும்பி வரலாம் இல்லையா? யாரையும் தூக்கச் சொல்லாமல், உட்கார்ந்தபடியே, நேராக.

பதிலை வீட்டுக்குப் போடாதே. பள்ளிக்கூட முகவரிக்கு, என் வகுப்பையும் எழுதிப் போடு. உள்ளே அம்மாவைப் பற்றி ஒன்றும் எழுதாதே, செய்கிறேன் என்று ஒரு வார்த்தை மட்டும் எழுது, புரிந்துகொள்வேன். நாளை வண்டி வருகிற நேரம் நான் பள்ளிக்குப் போக வேண்டும் என்கிறாள் அம்மா, தூக்கும்போது நான் பார்க்கக் கூடாதாம். நான் போக மாட்டேன். இந்தத் தடவை குடை பிடித்துக்கொண்டு நிற்க மாட்டேன், பின்பக்கத்து நாற்காலிக் காலை நான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். “பாப்பா, தூங்கலையே நீ? கதவைத் திற, எழுதறதை அப்புறம் எழுதிக்கலாம். கீழ வந்து லைட்டைப் புடி. ரம்பம் வாங்கிட்டு வந்துட்டேன், அந்தத் தூணை அறுத்துடறேன், அம்மா உக்காந்தபடியே